கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே போக வழி: இணைய வகுப்புகளும் 20 நிமிட உதவி அமர்வும்

கிளைதேடி:
வணக்கம். குடும்ப வரலாற்றுத் தேடலை முறையாகக் கற்றுக்கொள்ள விருப்பம். இலவச இணைய வகுப்புகள் கொட்டிக் கிடக்கின்றன: தொடக்கநிலை, பழைய கையெழுத்து, டிஎன்ஏ, மென்பொருள். எந்த வரிசையில் பார்ப்பது? நேரலையில் சேர வேண்டுமா, பதிவு செய்த காணொளியே போதுமா? அடுத்த வாரம் 20 நிமிடத் தனி உதவி அமர்வு ஒன்றுக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன். கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர் யார் என்பதில் தேடல் நிற்கிறது. அமர்வுக்கு முன் எதையெல்லாம் தயார் செய்து வைக்க வேண்டும்?

பழந்தாள்:
வரிசையை மட்டும் நான் சொல்கிறேன், அமர்வைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

மென்பொருளும் டிஎன்ஏவும் இப்போது வேண்டாம். ஆவணத்தை எடைபோடக் கற்றுத்தரும் வகுப்புதான் முதலில். சலிப்பான வகுப்பு என்று பலரும் தாண்டிப் போவது இதைத்தான்.

ஓர் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த தேதி, நடந்த சில நாளுக்குள் விவரம் அறிந்தவர் சொல்லிப் பதிவானது. பெரும்பாலும் நம்பலாம். பல சான்றிதழ்களில் அதே தாளிலேயே பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் இருக்கும். சொன்னவர் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். எழுபது வருடத்துக்கு முந்தைய பிறப்பை அவர் எங்கே கண்டார்? வீட்டில் பேசக் கேட்டதைச் சொல்லியிருப்பார். ஆகவே ஆவணத்துக்கு மொத்தமாக மதிப்பெண் போடக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் “இதைச் சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும்” என்று கேட்க வேண்டும். உங்கள் சிக்கலே பெற்றோர் பெயரில் இருப்பதால் இது நேரடியாக உதவும்.

குடும்ப வரலாற்று ஆய்வாளர்களுக்குச் சான்றளிக்கும், அமெரிக்காவின் போர்டு ஃபார் சர்ட்டிஃபிகேஷன் ஆஃப் ஜீனியாலஜிஸ்ட்ஸ் அமைப்பின் சான்று நெறியில் ஐந்து கூறுகள் உண்டு: தேடக்கூடிய இடங்களில் போதிய அளவு தேடுவது, ஒவ்வொரு தகவலுக்கும் மூலம் குறிப்பது, சான்றுகளை ஒப்பிட்டு ஆராய்வது, முரண்களைத் தீர்ப்பது, முடிவைக் காரணத்தோடு எழுதி வைப்பது. இந்த ஐந்தையும் உதாரணத்தோடு விளக்கும் எந்த வகுப்பும் நல்ல வகுப்புதான்.

அடுத்தது தேடும் நுட்பம். அதன்பின் உங்களுக்குத் தேவைப்படும் ஆவண வகை (திருமணப் பதிவேடு, நிலப் பத்திரம், கப்பல் பயணிகள் பட்டியல், எதுவானாலும்). கையெழுத்து வகுப்பைப் பதிவு செய்த காணொளியாகவே பாருங்கள், நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். நேரலையில் சேருவதால் கிடைக்கும் கூடுதல் லாபம் கடைசியில் வரும் கேள்வி நேரம் மட்டுமே. காணொளியின் தேதியையும் பாருங்கள். ஃபேமிலிசர்ச் என்ற இலவசக் குடும்ப வரலாற்றுத் தளத்தில் மைக்ரோஃபிலிம் சுருளை (ஆவணங்களைச் சிறிதாகப் படமெடுத்த ஃபிலிமை) வரவழைப்பது எப்படி என்று இன்னும் சொல்லித்தரும் பாடங்கள் கிடக்கின்றன. அந்தச் சேவை 2017லேயே நின்றுவிட்டது. சுருள்களை மின்படங்களாக்கும் வேலையும் 2021ல் முடிந்தது.

நூல்பிடி:
அமர்வுக்கு வருகிறேன். 20 நிமிடம் என்பது ஒரே ஒரு கேள்விக்கான நேரம். “என் குடும்பத்தைப் பற்றிக் கண்டுபிடிக்க வேண்டும்” என்று ஆரம்பித்தால் குடும்பக் கதையிலேயே பாதி போய்விடும். கேள்வியில் நான்கு விஷயம் இருக்கட்டும்: ஆள், நிகழ்வு, இடம், காலம். “இன்ன ஊரில் 1880க்கும் 1890க்கும் இடையில் பிறந்த இன்னாரின் பெற்றோர் யார்?” அவ்வளவுதான்.

ஒரு பக்கத்தில் இவற்றை எழுதுங்கள். மேலே கேள்வி. அதன் கீழே உறுதியாகத் தெரிந்தவை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எங்கிருந்து கிடைத்தது என்ற குறிப்பு. அதற்கும் கீழே தேடல் குறிப்பேடு: தேடிய தேதி, ஆவணத் தொகுப்பு, எந்த எழுத்துக்கூட்டலில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன கிடைத்தது.

ஒன்றும் கிடைக்காத தேடல்களைக் கட்டாயம் சேருங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் உதவுபவர் முதல் 10 நிமிடம் நீங்கள் ஏற்கெனவே தேடிய இடங்களிலேயே தேடுவார், உங்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. நேரம் பதியும் படிவத்தில் கேள்வி எழுத இடம் இருந்தால் இந்தப் பக்கத்தின் சாரத்தை அங்கேயே போட்டுவிடுங்கள்.

திரையைப் பகிர்வதற்கு முன் மற்ற தாவல்களை மூடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி எதுவும் திரையில் வரக் கூடாது. கணக்குகளில் முன்கூட்டியே உள்நுழைந்து வையுங்கள், கடவுச்சொல் தேடியே அமர்வு கரைவதுண்டு. ஃபேமிலிசர்ச்சில் கேமரா படத்தின் மேல் சாவி இருந்தால் அந்த ஆவணத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்று பொருள். சிலவற்றை ஃபேமிலிசர்ச் மையத்திலோ அதனோடு இணைந்த நூலகத்திலோ போய்த்தான் பார்க்க முடியும்.

“கண்டுபிடித்துக் கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். “அடுத்து எந்தத் தொகுப்பில் தேட வேண்டும், ஏன் அது?” என்று கேளுங்கள். விடை அன்றைக்கே கிடைக்காவிட்டாலும் இரண்டு மாத வேலை கையில் இருக்கும்.

எழுத்தெண்ணி:
அமர்வுக்கு முன் இதையும் ஒருமுறை செய்து பாருங்கள், விடையே கிடைத்துவிடலாம். தேடல் பெட்டியில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பாதீர்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் காலியாக விட்டு, பெற்றோராக இருக்கலாம் என்று நினைக்கும் இருவர் பெயரை மட்டும் போட்டால் அவர்களின் மற்ற பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். உடன்பிறந்தவரின் ஆவணத்தில் பெற்றோர் பெயர் தெளிவாக இருப்பது அடிக்கடி நடக்கும்.

எழுத்துக்கூட்டல் சந்தேகமென்றால் குறிகள் உண்டு: கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு, நட்சத்திரக்குறி எத்தனை எழுத்துக்கும். ஒலியொத்த பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறையை முழுசாக நம்பாதீர்கள். அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை மூன்று எண்ணாக்குகிறது. ‘கேத்தரின்’ ஆங்கிலத்தில் ‘சி’யிலும் தொடங்கும், ‘கே’யிலும் தொடங்கும். சவுண்டெக்ஸுக்கு இவை வேறுவேறு ஆள்.

தேடல் பெட்டி தேடுவது பெயரட்டவணையில். அது ஆவணத்தை ஆளோ கணினியோ படித்து எழுதியது. அதில் இல்லையென்றால் ஆவணத்திலேயே இல்லை என்று ஆகாது. ஃபேமிலிசர்ச்சின் கேட்டலாக்கில் (ஆவணத் தொகுப்புகளின் பட்டியலில்) ஊர்ப் பெயரைக் கொடுத்து, அட்டவணை போடாத படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஊர் அப்போது எந்த நிர்வாகத்தின் கீழ் இருந்ததோ அந்தப் பெயரில் தேட வேண்டும், இன்றைய எல்லையில் அல்ல.

கிளைதேடி:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஏழெட்டுப் பேர் இணையத்தில் போட்டிருக்கும் குடும்ப மரங்கள் என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரே பெற்றோரைக் காட்டுகின்றன. அதைச் சான்றாக எடுக்கலாமா? டிஎன்ஏ இதில் உதவுமா?

பழந்தாள்:
எட்டு மரமும் ஒன்றைப் பார்த்து நகலெடுத்தது என்றால் அது ஒரே மரம்தான். மூலம் குறித்திருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மரத்தில் ஏற்றாதீர்கள். தளம் தானாகக் காட்டும் குறிப்புகளுக்கும் இதே விதி. ஒரே பெயரில் ஒரே ஊரில் இரண்டு பேர் இருந்து, இருவரையும் ஒருவராக இணைத்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. மனைவி பெயர், தொழில், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள், அக்கம்பக்கத்தார் ஆகியவற்றை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

இன்னொன்று, ஃபேமிலிசர்ச்சில் இருப்பது எல்லாருக்கும் பொதுவான ஒரே மரம். இறந்தவர் விவரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். உங்கள் பிரதியைத் தனியாக வையுங்கள். மென்பொருளிலிருந்து ஜெட்காம் (குடும்ப மர விவரங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பொது வடிவம்) கோப்பாக எடுத்தால் பெயர், தேதி, உறவு எல்லாம் வரும். அதன் பழைய 5.5.1 பதிப்பில் படங்கள் கோப்புக்குள் வராது, அவற்றைத் தனியே சேமிக்க வேண்டும்.

நூல்பிடி:
டிஎன்ஏ உதவும், ஆனால் பெயரைச் சொல்லாது. பரிசோதனையில் உங்களோடு டிஎன்ஏ பொருந்துபவரின் மரமும் உங்கள் மரமும் சந்திக்கும் இடத்தை நீங்கள்தான் தேட வேண்டும். பரிசோதிப்பதானால் வீட்டில் உயிரோடிருக்கும் மூத்த தலைமுறையிலிருந்து தொடங்குங்கள், கொள்ளுத்தாத்தாவுக்கு அவர்கள் ஒரு படி நெருக்கம். கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர் வழியில் உங்களுக்கு ஈடான தலைமுறையில் வருபவரை ஆங்கிலத்தில் ‘தேர்ட் கசின்’ என்பார்கள். அந்தத் தூரத்து உறவில் சுமார் பத்தில் ஒருவருக்குப் பரிசோதனையில் தெரியுமளவு பொது டிஎன்ஏ இருக்காது. பொருந்தவில்லை என்பதை வைத்து உறவே இல்லை என்று எழுதிவிட வேண்டாம்.