பூஞ்சை பாக்டீரியாவை உணர்வதற்குக் கலைச்சொல்: ‘ஒற்றறிதல்’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்காகக் கோலாலம்பூரில் நாங்கள் தொகுத்துவரும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குச் செல்ல வேண்டும். பூஞ்சைகளின் தற்காப்பைப் பற்றிய இயலில் ஒரு சொல் மட்டும் அமையாமல் நிற்கிறது. பாக்டீரியாக்கள் வேதிக்குறிகளை வெளியிட்டு, அவற்றின் செறிவைக் கொண்டு தம் கூட்டம் எவ்வளவு பெருகியுள்ளது என்று அறிவதை இக்குழுவில் முன்பே ‘செறிவுணர்தல்’ என்று வகுத்துக்கொண்டோம். பூஞ்சையோ அக்கூட்டத்தின் உறுப்பன்று. வெளியே நின்று அறிகிறது. கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் பூஞ்சை, சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா வெளியிடும் அத்தகைய குறியை உணர்ந்தால் இழையாக நீளாமல் ஒற்றைச் செல்லான ஈஸ்ட் வடிவிலேயே தங்கிவிடுகிறது என்பது 2004இல் வெளியான முடிவு. ஆதலால் ‘ஒட்டுக்கேட்டல்’ என்று எழுதியிருந்தேன். ஆனால் அதே பூஞ்சை, பாக்டீரியாச் சுவரிலிருந்து உதிரும் மியூராமைல் துணுக்குகளைத் தன் நொதியொன்றில் நேரே பற்றி, இழையாக வளரத் தொடங்குவதைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். சுவர்த்துணுக்கு பேச்சன்று, அங்கே கேட்பதற்கு எதுவுமில்லை. பேச்சையும் தடயத்தையும் ஒருங்கே திரட்டுபவன் ஒற்றன் என்பதால் ‘ஒற்றறிதல்’ என்று முன்மொழிகிறேன்.

– மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்

ஐயா, மிகப் பொருத்தமான சொல். வள்ளுவர் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அன்றியும், ஒற்றுதல் என்பதற்கு மெல்லத் தொட்டு அழுத்துதல் என்னும் பொருள் உண்டு. ஒற்றடமும், கண்ணில் ஒற்றிக்கொள்ளுதலும் அதன்வழி வந்தவை. மூலக்கூறு, தன்னைப் பற்றும் ஏற்பியைத் தொட்டால்தான் உணர்வு நிகழும் என்பதால், வேர்ச்சொல்லிலேயே உயிர்வேதியியல் அடங்கியிருக்கிறது. இத்துடன் ‘பாக்டீரியா’வையும் நீக்கிக் ‘குச்சுயிரி’ என்றே ஆள வேண்டுகிறேன். கிரேக்க மூலமும் சிறுகோல் என்றுதான் பொருள்படும்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பினாங்கு

ஐயா, உருண்டை வடிவிலுள்ள ஸ்டஃபைலோகாக்கஸைக் ‘குச்சுயிரி’ என்று வகுப்பில் எப்படிச் சொல்வேன்? ‘பாக்டீரியா’ மாணவர்க்குத் தெரிந்த சொல், அதுவே இருக்கட்டும். ‘ஒற்று’ என்றவுடன் அவர்களுக்கு வலிமிகும் இடங்களே நினைவுக்கு வரும். மேலும், ஒற்றன் செய்தியைக் கொண்டுவருவான்; போரிடுபவர் வேறு. குதிரைச் சாணத்தில் முளைக்கும் கோப்ரினோப்சிஸ் சினரியா என்னும் காளானில் அந்தப் பிரிவினை இல்லை. பாக்டீரியா அண்டியதும் காளானின் இழைகளே பாக்டீரியாச் சுவரை அரிக்கும் லைசோசைம் நொதிகளைச் சுரக்கின்றன. அக்காளானில் கண்டறிந்து 2014இல் அறிவிக்கப்பட்ட காப்சின், 57 அமினோ அமிலங்களாலான சிறு பெப்டைடு. சுவர் கட்டத் தேவையான லிப்பிட்-2 மூலக்கூற்றைப் பற்றிக்கொண்டு கட்டுமானத்தையே நிறுத்திவிடுகிறது. உணர்வதும் தாக்குவதும் ஓர் உடலில் நிகழ்வதால், ‘இனங்காணல்’ என்ற எளிய சொல்லே போதும்.

– அறிவியல் ஆசிரியை, செந்தூல்

பெரும்பாலோர் அம்மாவின் பக்கம் நிற்பதால், நேரமின்மையைக் கருதி ‘இனங்காணல்’ என்றே அச்சிடுகிறோம். ‘ஒற்றறிதல்’ பின்னிணைப்பில் இடம்பெறும்.

– மொழிபெயர்ப்பாளர்

உடன்பட இயலவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். செடிகொடிகளைப் பார்த்து அவற்றின் இனத்தைத் தீர்மானிப்பதையும் அதே கையேட்டின் முதல் இயல் ‘இனங்காணல்’ என்றுதான் கூறுகிறது. ஆய்வாளர் செய்வதற்கும் பூஞ்சை செய்வதற்கும் ஒரே சொல்லை வைத்தால், மாணவர் எதை எதுவென்று கொள்வர்?

– பினாங்கு