ஈஆர்சிபி ஃபெயில்னு சொல்லி கணையத்துல குழாய் வெச்சு அனுப்பிட்டாங்க, அடுத்து என்ன பண்றது?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயசு, பித்தப்பைய 2015லயே எடுத்தாச்சு. போன மாசம் கண்ணு மஞ்சளாகி உடம்பெல்லாம் அரிப்பு, எம்ஆர்சிபி ஸ்கேன் எடுத்தா பித்தக்குழாய்ல 11 மி.மீ. கல்லு. ஈஆர்சிபி, அதான் வாய் வழியா கேமரா வெச்ச ஸ்கோப்ப சிறுகுடல் வரைக்கும் விட்டு பித்தக்குழாய்க்குள்ள போறது, அதப் பண்ணி எடுத்துரலாம் அரைமணி நேர வேலைதான்னாங்க. செவ்வாய்க்கிழமை உள்ள கூட்டிட்டுப் போனவங்க ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சு வந்து 'வழி கிடைக்கல, குழாயோட வாய்க்குப் பக்கத்துல பை மாதிரி இருக்கு, இன்னிக்கு இதோட நிறுத்திக்கிறோம், வெள்ளிக்கிழமை திரும்பப் பாக்கலாம்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ரிப்போர்ட்ல டைவர்டிகுலம், பிடி ரெண்டு தடவை கேனுலேட் ஆச்சு, சிபிடி ஃபெயில்டு, 5 ஃப்ரெஞ்ச் பிடி ஸ்டென்ட்னு இருக்கு. டைவர்டிகுலம்னா அந்தப் பை, பிடின்னா கணையக்குழாய், சிபிடின்னா பித்தக்குழாய், கேனுலேட்னா குழாய்க்குள்ள வயர் நுழையறது, ஸ்டென்ட்னா உள்ள வெக்கிற சின்னக் குழாயாம். மஞ்சக்காமாலைக்குப் போன மனுசனுக்கு கணையத்துல குழாய் எதுக்குங்க? மச்சான் வேற ஆஸ்பத்திரி மாத்துங்கறான், சித்தப்பா நேரா ஆபரேசனுக்குப் போங்கறாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்கோப்_ரூம்:
சார் நான் டாக்டர் இல்ல, எண்டோஸ்கோபி ரூம்ல வயர் எடுத்துக் குடுக்குற டெக்னீசியன், 14 வருசமா. மொதல்ல கோவத்தைக் குறைங்க, அந்தக் குழாய் தப்பா வெச்சது இல்ல.

பித்தக்குழாயும் கணையக்குழாயும் சிறுகுடல்ல ஒரே சின்ன மொட்டுல வந்துதான் திறக்கும். ஸ்கோப்ல பாத்தா பித்தக்குழாய் கடிகாரத்துல 11 மணி பக்கம் ஏறும், கணையக்குழாய் 1 மணி பக்கம். ரெண்டுக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி, அதுலயும் அப்பாவுக்கு டைவர்டிகுலம்னா மொட்டு அந்தப் பைக்குள்ளயோ ஓரத்துலயோ மடங்கிக் கிடக்கும், குழாய் எந்தப் பக்கம் போகுதுன்னே தெரியாது, வயசானவங்களுக்கு இது சகஜம். வயர் திரும்பத் திரும்ப கணையத்துக்குள்ளயே போகும், அப்படிப் போகப் போக கணையம் வீங்கும். ஈஆர்சிபில எல்லாரும் பயப்படுறது அந்த வீக்கத்துக்குத்தான். அதனாலதான் ஐரோப்பாக்காரங்க 2016ல ஒரு கணக்கு வெச்சாங்க: மொட்ட 5 தடவைக்கு மேல தொட்டாச்சு, இல்ல 5 நிமிசம் தாண்டிருச்சு, இல்ல வேணாம்னாலும் கணையத்துக்குள்ள ஒரு தடவைக்கு மேல போயிருச்சுன்னா அது கஷ்டமான கேஸ், ஒரே முறையில முட்டிக்கிட்டு நிக்காம வேற வழிக்கு மாறணும்.

வேற வழின்னா, கணையத்துக்குள்ள போன வயர அங்கயே விட்டுட்டு பக்கத்துல ரெண்டாவது வயர பித்தத்துக்கு விடுவாங்க, மொதல் வயர் மடங்கின மொட்ட நிமித்திக் குடுக்கும். கணையத்துல சின்ன ஸ்டென்ட் வெச்சா (5 ஃப்ரெஞ்ச்னா ஒண்ணேமுக்கால் மி.மீ. கூட கிடையாது) கணைய நீர் தேங்காது, வீக்கம் வர்ற வாய்ப்பு நல்லாவே குறையும், அடுத்த தடவை அடையாளமாவும் இருக்கும். அதுக்கும் மசியலன்னா நீடில் நைஃப்ங்கற ஊசிக்கத்தியால மொட்ட மேல இருந்து கீறி வழி எடுக்குறது, பிரீகட்னு சொல்லுவோம். அது கை தேறினவங்க வேலை, பை இருக்கற எடத்துல குடல் ஓட்டையாகற ரிஸ்க்கும் உண்டு. வழி தெரியாம கீறாம நிறுத்துனாரு பாருங்க, அந்த டாக்டர் மேல எனக்கு மரியாதைதான். ரெண்டு மூணு நாள்ல வீக்கம் வடிஞ்சதும் அதே மொட்டு பளிச்சுன்னு தெரியும், நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா வெள்ளிக்கிழமைன்னு காத்திருக்காதீங்க, அடைச்ச குழாய்ல சீழ் புடிச்சா ஆள் மணிக்கணக்குல சரிஞ்சிருவாங்க, உடனே வடிச்சு விடணும். அப்பா ரத்தம் நீர்க்குற மாத்திரை சாப்பிடுறாரா? குளோபிடோக்ரெல்னா இப்பவே டாக்டர்கிட்ட சொல்லிருங்க.

மானாமதுரை_மல்லி:
தம்பி எங்க அம்மாவுக்கு கல்லு இல்ல, கணையத்தலையில கட்டி. கட்டி சிறுகுடலையே நெருக்கி ஸ்கோப் மொட்டு வரைக்கும் போகவே இல்ல. மொதல்ல போன எடத்துல ரெண்டு தடவை முயற்சி பண்ணி ரெண்டுக்கும் பில்லு போட்டுட்டு, அப்புறம் வெளிய இருந்து கல்லீரல் வழியா குழாய் போட்டு பையோட அனுப்பினாங்க. பிடிபிடின்னு சொல்லுவாங்க, மஞ்சள் எறங்குச்சு, ஆனா இடுப்புல பையத் தொங்கவிட்டுக்கிட்டு அம்மா தூங்க முடியாம அழுதது இப்பவும் கண்ணுல நிக்குது. பெறகு ஈயூஎஸ் வசதி இருக்கற எடத்துக்குப் போனோம். ஸ்கோப் நுனியிலயே ஸ்கேன் இருக்கும், உள்ள இருந்தபடியே குடல் சுவர் வழியா பித்தக்குழாயக் குத்தி ரெண்டுக்கும் நடுவுல உலோக ஸ்டென்ட் வெச்சுட்டாங்க, மொட்டுப் பக்கமே போகல. வெளிப் பையும் போச்சு. அதனால ஆஸ்பத்திரி மாத்துறதா இருந்தா அங்க ஈயூஎஸ் இருக்கான்னு மட்டும் கேளுங்க, கட்டடத்தப் பாக்காதீங்க.

ஊர்க்குருவி:
கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுங்க, எங்க தாத்தாவுக்கு ஒரே வாரத்துல எறங்குச்சு.

ஸ்கோப்_ரூம்:
ஊர்க்குருவி அண்ணே, உங்க தாத்தாவுக்கு வைரஸ் காமாலையா இருந்திருக்கும், அது தன்னாலயே எறங்குறதுதான். இங்க குழாய்ல 11 மி.மீ. கல்லு அடைச்சு நிக்குது, மோர் போயி அதத் தள்ளாது.

மல்லி அக்கா சொன்ன ஈயூஎஸ்ஸ கல்லு கேஸ்லயும் பயன்படுத்தலாம், ஆனா வேற மாதிரி. உள்ள இருந்து பித்தக்குழாயக் குத்தி வயர மேல இருந்து கீழா மொட்டு வழியா குடலுக்குள்ள எறக்கி விடுவாங்க, அந்த வயரப் புடிச்சுக்கிட்டு வழக்கமான ஸ்கோப் உள்ள போகும். ரெண்டேவூன்னு பேரு. வெள்ளிக்கிழமையும் முடியலன்னா அதக் கேளுங்க, ஆபரேசன் அதுக்கப்புறம்.

வைகைக்கரை:
அப்டேட். குளோபிடோக்ரெல் இல்ல, ஆஸ்பிரின் மட்டும்தான், அது பரவாயில்லன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை சீனியர் டாக்டரும் கூட இருந்தாரு. மொட்ட பைக்குள்ள இருந்து வெளிய இழுத்து வெச்சுக்கிட்டு, பிடி ஸ்டென்ட்டுக்குப் பக்கத்துலயே வயர விட்டாங்களாம், கொஞ்ச நேரத்துலயே உள்ள போயிருச்சு. மொட்டோட வாயக் கொஞ்சம் வெட்டி, பலூனால விரிச்சு கல்ல எடுத்துட்டாங்க. போட்டோல பாத்தேன், கறுப்பா பனங்கல்கண்டு மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு கஞ்சி குடிச்சாரு, வயித்துவலி இல்ல. செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டேன், சிரிச்சாரு.

ஸ்கோப்_ரூம்:
சந்தோசம் சார். பிடி ஸ்டென்ட்ட எடுத்தாங்களா இல்ல உள்ளயே விட்டாங்களா? விட்டிருந்தா பெரும்பாலும் தன்னாலயே நழுவி விழுந்துரும், ஆனா விழுந்துச்சான்னு ஒரு வாரம் பத்து நாள்ல வயித்து எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும். மறந்து போயி மாசக்கணக்குல உள்ளயே கிடந்தா கணையக்குழாயக் கெடுத்துரும்.

வைகைக்கரை:
உள்ளயேதான் இருக்காம். எக்ஸ்ரே பத்தி யாரும் சொல்லல, நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது எழுதி வாங்கிடுறேன்.