புதுப்பிப்பு: துளியின் இழுவிசையைக் குறைத்தது நானோ துகள் இல்லை

சிலிக்கா நானோ துகள் கலந்த நீர்த்துளி உலர உலர அதன் பரப்பு இழுவிசை (மேற்பரப்பைச் சுருக்கி இறுக்கிப் பிடிக்கும் விசை) குறைகிறது, துகள்கள்தான் காரணம் என்று போன வாரம் இந்த இழையில் எழுதியிருந்தேன். அது தவறு.

“துகளை நீக்கிவிட்டுப் பார்த்தீர்களா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. கலவையை சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றித் துகளை அடியில் படியவைக்கும் கருவி) சுழற்றி, மேலே தெளிந்த நீரை மட்டும் சிரிஞ்சு ஊசி நுனியில் தொங்கவிட்டேன். புதுச்சேரி கடற்காற்றின் ஈரத்தில் துளி சீக்கிரம் காயாது. ஜன்னலைச் சாத்திவிட்டுக் காத்திருந்தேன். சுத்த நீர்த்துளி சிறுக்கச் சிறுக்க உருண்டையாகும். இதுவோ சிறுத்த பிறகும் பேரிக்காய் போலத் தொய்ந்தே நின்றது. இழுவிசை குறைந்தால்தான் துளி இப்படித் தொய்யும். துகளே இல்லாமல் இழுவிசையில் அதே இறக்கம்!

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் சேர்த்திருந்த சோப்பு வகைப் பொருள்தான் காரணம். நீர் ஆவியாக ஆக அதன் செறிவு ஏறி, பரப்பில் குவிந்து இழுவிசையைக் குறைக்கிறது.

அப்புறம் துகள்களை நன்றாகக் கழுவி மறுபடி அளந்தேன். 30 டிகிரியில் சுத்த நீருக்குரிய மதிப்பு, மீட்டருக்குச் சுமார் 71 மில்லிநியூட்டன். இழுவிசை அதை ஒட்டியே நின்றது. வெறும் சிலிக்கா நீரை விரும்பும், எதிர்மின் சுமை கொண்டது. பரப்புக்கு வராமல் உள்ளேயே மிதக்கும். ஓரளவு நீரை வெறுக்கும்படி மேற்பூச்சு கொடுத்த துகள் என்றால் பரப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், லேசில் அங்கிருந்து விலகாது. அடுத்து அதைத்தான் தொங்கவிடப் போகிறேன்.