வாளியும் பங்கரும்

மன்னித்துவிட்டால் மனம் லேசாகிவிடும் என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிப்பதில்லை. வன்னியில் எங்களிடம் வந்து அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் பெரும்பாலும் எதையும் இழக்காதவர்கள். ஆனாலும் உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) போய்வந்த கதையை எழுதுகிறேன்.

2009 ஏப்ரல். இலங்கைப் போரின் கடைசி வாரங்கள். பாதுகாப்பு வலயம் என்று அறிவித்திருந்த மாத்தளனில் இருந்தோம். கடற்கரை மணல்; ஒரு முழம் தோண்டினால் இரண்டு முழம் சரியும். அம்மாவின் கூறைச்சேலையையும் வெட்டி, மண்மூட்டை தைத்து அடுக்கித்தான் பங்கர் (பதுங்குகுழி) வைத்திருந்தோம். ஷெல் விழுந்து அது மூடிவிட்டது. பக்கத்தில் சித்தப்பாவின் பங்கர். "இடமில்லை" என்றார். அன்றிரவு தறப்பாளுக்குக் கீழே கிடந்தோம். மறுநாள் காலை கஞ்சி வரிசைக்குத் தம்பியை அனுப்பினேன். பிறகு யாரோ வாளியை மட்டும் கொண்டுவந்து தந்தார்கள்.

20ஆம் திகதி சனத்தோடு சனமாக வெளியேறினோம். செட்டிகுளம் முகாமில் சித்தப்பா குடும்பமும் எங்கள் வலயத்தில்தான் இருந்தது. பேசவில்லை. ஊர் திரும்பிய பிறகும் பேசவில்லை. ஒவ்வொரு மே மாதமும், போரில் செத்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கும் சந்தியைத் தவிர்த்து, சுற்றுப்பாதையால் வேலைக்குப் போவேன்.

பிரதேச செயலகத்துக்கு வேறு அலுவலாகப் போனபோதுதான் உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்தித்தேன். (காசு வாங்குவதில்லை. நேரில் போக முடியாதவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.) முதல் இரண்டு தடவையும் அழுததோடு சரி. மூன்றாம் தடவை, அந்தக் காலையை எழும்பியதிலிருந்து சொல்லச் சொன்னார். நான் நேராகத் "தம்பியை அனுப்பினேன்" என்பதற்குத் தாவினேன்.

"அதற்கு முதல்?"

அம்மாவுக்குக் காய்ச்சல்.

"அதற்குப் பிறகு?"

வாளி என் கையில்தான் இருந்தது. நான்தான் புறப்பட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா வாந்தியெடுக்க, "நீ இரு அக்கா" என்று அவன் வாளியைப் பறித்துக்கொண்டு ஓடினான். கைப்பிடிக் கம்பி உள்ளங்கையைக் கீறிய எரிவுகூட அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் திரும்பி வந்தது. இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்த கதையில் அவன் பறித்தது இல்லவே இல்லை.

குற்ற உணர்ச்சி போய்விடவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று இப்போது கேட்கிறது. அந்தக் கேள்வியோடு நித்திரை கொள்ள முடிகிறது, அவ்வளவுதான்.

சித்தப்பாவை மன்னியுங்கள் என்று அந்த உத்தியோகத்தர் ஒருநாளும் சொல்லவில்லை. ஷெல் அடித்தவர்களைப் பற்றியும் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கணக்கு என் மனதுக்குள் தீர்க்கக்கூடியதா என்ன? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராட்டத்தில் குந்திய தாய்மாரிடம் போய் மன்னிப்பு வகுப்பு எடுக்க யாருக்கு வாய் வரும்?

சித்தப்பாவிடம் நானாகத்தான் போனேன். முற்றத்தில் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். நான் வாயே திறக்கவில்லை. நிமிராமல், "அன்றைக்குப் பங்கருக்குள் பதினொரு பேர், பிள்ளை. அதில் இரண்டு கைக்குழந்தை" என்றார். பிறகு சித்தி தேத்தண்ணீர் கொண்டுவந்தார்.

இப்போதும் அங்கே போனால் அதிகம் பேசுவதில்லை. போகும்போது ஒரு பால்மாப் பக்கற். வரும்போது அவர் கட்டித் தரும் முருங்கைக்காய். இந்த மே மாதம் சந்தியால்தான் வேலைக்குப் போனேன். கஞ்சி வாங்கவில்லை.