எட்டோஷாவுக்குள் பைக் விடமாட்டார்களாமே? விண்டூக் – கசானே – மௌன் பயணத்துக்கு வழி சொல்லுங்கள்

தார்ரோடு:
வணக்கம். செப்டம்பரில் நானும் மனைவியும் நமீபியா போகிறோம். விண்டூக்கில் ஒரு 850 சிசி பைக் வாடகைக்குப் பேசியாகிவிட்டது. எங்கள் திட்டம்: எட்டோஷா தேசியப் பூங்காவுக்குள் மேற்குப் பக்கம் நுழைந்து கிழக்கு வாசலில் வெளியே வருவது, அப்புறம் ருண்டு, கட்டிமா முலிலோ, ங்கோமா எல்லை தாண்டி போட்ஸ்வானாவில் சோபே பூங்கா, கசானே. அங்கிருந்து நாட்டா, மௌன், மொரேமி வனவிலங்குக் காப்பகம். திரும்பும்போது கான்சி வழியாக விண்டூக்.

இன்று வாடகைக் கடையிலிருந்து “எட்டோஷாவில் பைக்குக்கு அனுமதி இல்லை” என்று ஒரு வரி மட்டும் வந்திருக்கிறது. விமான டிக்கெட் எடுத்தாயிற்று. நிஜமாகவே விடமாட்டார்களா? அப்படியென்றால் மற்ற இடங்கள்? இன்னொன்று, டேங்க் 15 லிட்டர்தான். இரண்டு பேர், சாமான் எல்லாம் சேர்த்தால் லிட்டருக்கு 18 கி.மீ. கிடைத்தாலே பெரிது. கசானே–நாட்டா 300 கி.மீ. என்கிறது வரைபடம்.

யானை பற்றிப் பயம் இல்லை. மசினகுடி, தெப்பக்காடு பக்கம் நிறைய ஓட்டியிருக்கிறேன்.

கலகாரிக்காரன்:
கடைக்காரர் சொன்னது சரி. எட்டோஷா மட்டும் இல்லை, மொரேமி, சோபேயின் ஆற்றங்கரைப் பாதைகள், தென்னாப்பிரிக்காவில் க்ரூகர், தான்சானியாவில் செரங்கெட்டி, எங்கேயும் பைக் உள்ளே போக முடியாது. சிங்கம் நடமாடும் இடத்தில் கதவே இல்லாத வண்டியை யார் விடுவார்கள்? வாசலில் பேசிப் பார்க்கலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

ஆனால் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பது வேறு, பூங்கா நடுவே ஓடும் நெடுஞ்சாலையில் கடந்து போவது வேறு. இரண்டாவதுக்குத் தடை இல்லை. நமீபியாவில் திவுண்டுவிலிருந்து கொங்கோலா வரை பி8 சாலை சுமார் 190 கி.மீ. ப்வாப்வாட்டா தேசியப் பூங்காவுக்குள்தான் போகிறது. நல்ல தார், ஓரத்தில் வேலி கிடையாது. பைக்கில் தாராளமாகப் போகலாம். ங்கோமாவிலிருந்து கசானே போகும் தார்ச்சாலையும் அப்படியே சோபே பூங்கா வழியாகத்தான். வாசலில் உள்ள பதிவேட்டில் எழுதிவிட்டுக் கடந்து போகலாம். தாரை விட்டு மணல் பாதையில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். ங்கோமா எல்லை ராத்திரியில் மூடிவிடும், பகலிலேயே போய்ச் சேருங்கள்.

எட்டோஷாவுக்கு வழியை மாற்றுங்கள். மேற்கே ஓட்ஜோ பக்கம் போனால் பூங்காவைக் குறுக்கே கடக்க முடியாமல் வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். அதற்குப் பதில் பி1 சாலையில் நேராக ட்சுமெப் போய், கிழக்கே நமுட்டோனி பக்க வாசலுக்கு வெளியே தங்குங்கள். பைக்கை விடுதியில் நிறுத்திவிட்டு, அவர்களுடைய திறந்த ஜீப்பில் ஒரு நாள் உள்ளே போய் வரலாம். அடுத்த நாள் க்ரூட்ஃபோன்டெய்ன், ருண்டு. ட்சுமெப் வரை மட்டும் வந்த வழியே திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

மொரேமியை மறந்துவிடுங்கள். அனுமதி இருந்தாலும் அந்த மணலில் இரண்டு பேரோடு அந்த எடையை ஓட்டுவது தண்டனை. மௌனிலிருந்து மொகோரோ என்கிற ஓடத்தில் ஒகவாங்கோ கழிமுகத்துக்குள் போகலாம், அதுதான் அழகு. கசானேயில் சாயங்காலப் படகு. சோபே ஆற்றில் யானைகள் நீந்திக் கடப்பதைப் படகிலிருந்து பார்ப்பதற்கு ஈடாக எந்த ஜீப் பயணத்தையும் நான் சொல்ல மாட்டேன்.

புழுதிப்படலம்:
எல்லை தாண்ட வாடகைக் கடையின் அனுமதிக் கடிதம் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் ங்கோமாவில் நிற்க வேண்டாம். ராத்திரி ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும், அதையும் படியுங்கள்.

போட்ஸ்வானாவில் வழிநெடுக கால்நடைத் தடுப்பு வேலிகள் வரும். கோமாரி பரவாமல் இருக்க சக்கரத்தை மருந்துத் தண்ணீரில் இறக்கி ஏற்றச் சொல்வார்கள், பூட்ஸ் அடியையும் நனைக்கச் சொல்வார்கள். பச்சை இறைச்சி இருந்தால் பிடுங்கிவிடுவார்கள்.

கொண்டைஊசி:
அண்ணா, நானும் என் தோழியும் அந்தப் பாதையில் ஓட்டியிருக்கிறோம். மசினகுடி பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள்.

நம் ஊரில் தந்தம் தெரிந்தால் கொம்பன் என்று சொல்லிவிடுவோம். அங்கே பெட்டைக்கும் தந்தம் உண்டு. “ஒற்றைக் கொம்பன்தான், ஓரமாகப் போய்விடலாம்” என்று நினைத்த இடத்தில் பின்னால் புதரிலிருந்து குட்டியும் மற்ற பிடிகளும் வந்து நிற்கும். கன்னத்தில் நீர் ஒழுகினால் மதம் என்பதும் அங்கே முழுசாகப் பொருந்தாது, பதற்றத்தில் பெட்டைக்கும் ஒழுகும். ஆணுக்கு மதம் என்றால் சிறுநீர் சொட்டிச் சொட்டிப் பின்னங்கால் உள்பக்கம் நனைந்திருக்கும், வாடையும் தூக்கும். அப்படி ஒன்று ரோட்டில் நின்றால் அன்றைய நேரக் கணக்கை மறந்துவிடுங்கள்.

எண்ணிக்கையும் வேறு. 2022-இல் ஐந்து நாடுகள் சேர்ந்து வானிலிருந்து எடுத்த கணக்கில் அந்தப் பகுதியில் சுமார் 2,28,000 யானைகள், அதில் போட்ஸ்வானாவில் மட்டும் 1,32,000 அளவில். செப்டம்பர் வறண்ட மாதம். கசானே–நாட்டா சாலையில் யானை குறுக்கே வருவது அதிசயமே இல்லை.

200 மீட்டருக்கு முன்பே நில்லுங்கள். பாரமான வண்டியை, பின்னால் ஆள் இருக்கும்போது, அவசரத்தில் திருப்ப முடியாது, அதனால் நிற்கும்போதே திரும்புவதற்கு இடம் பார்த்து நில்லுங்கள். இன்ஜின் ஓடட்டும், ஆனால் ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீர்கள், ஹாரன் வேண்டவே வேண்டாம். ஒரு யானை கடந்ததும் கிளம்பிவிடாமல் கூட்டத்தின் வால் வரும்வரை பொறுங்கள். லாரி வந்தால் கையைக் காட்டி விஷயத்தைச் சொல்லி, அதன் மறைவில் ஒட்டிப் போகலாம். அங்கே லாரிக்காரர்கள் இதற்குப் பழகியவர்கள்.

காதை விரித்துப் பிளிறிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் மிரட்டல், காதை ஒட்டி, துதிக்கையைச் சுருட்டிச் சத்தமில்லாமல் வந்தால் நிஜம் என்பார்கள். உண்மைதான். ஆனால் எது எது என்று பைக்கில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யும் தூரத்தில் நீங்கள் இருக்கவே கூடாது.

சூரியன் நன்றாக ஏறிய பிறகு கிளம்பி, நாலு மணிக்குள் தங்குமிடம். இருட்டில் யானையைவிட ரோட்டில் படுத்திருக்கும் கழுதை, மாடு, பாய்ந்து வரும் குடூ மான் இதெல்லாம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

கலகாரிக்காரன்:
பெட்ரோல் விஷயம் விட்டுப்போயிற்று. உங்கள் கணக்கில் டேங்க் 270 கி.மீ. வரும். கசானேயிலிருந்து நாட்டா போகும்போது சுமார் 100 கி.மீ.யில் பாண்டாமடெங்கா, அங்கே பங்க் உண்டு. நிரப்பினால் மிச்சம் 200, பிரச்சினை இல்லை. சில நாள் அங்கே சரக்கு இருக்காது. அன்று 30 கி.மீ. குறையும், அதுவும் யானை நாட்டில். அதற்குத்தான் ஐந்து லிட்டர் கேன். நாட்டா–மௌனும் 300தான், க்வெட்டாவில் நிரப்பிக்கொள்ளுங்கள். மௌன்–கான்சியும் கிட்டத்தட்ட அவ்வளவே, கேன் காலியாக வேண்டாம்.

ரிஃப்ட்வாசி:
பூங்காவுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை தீரவில்லை என்றால் அடுத்த முறை கென்யா வாருங்கள் சார். நைவாஷா பக்கத்தில் ஹெல்ஸ் கேட் பூங்காவில் சைக்கிள், பைக், நடை எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி பக்கத்திலேயே மேயும். எருமைகளிடம் மட்டும் வம்பு வேண்டாம். தான்சானியாவில் ஏ7 நெடுஞ்சாலை மிகுமி பூங்காவுக்குள் சுமார் 50 கி.மீ. போகிறது. எந்த விலங்கை மோதினால் எவ்வளவு அபராதம் என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள்.

தார்ரோடு:
எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை ட்சுமெப் வழியாக மாற்றிவிட்டேன், மொரேமிக்குப் பதில் மொகோரோ. மனைவிக்கு இரண்டு கேள்வி. அவளுடைய ஜாக்கெட் நீலம், ட்செட்ஸி ஈ (தூக்க நோய் பரப்பும் கடி ஈ) நீலத்துக்கு வரும் என்று படித்தாளாம். அப்புறம், அந்த வேலியில்லாத ரோட்டில் பஞ்சர் ஆனால்?

கொண்டைஊசி:
நீலமும் கறுப்பும் அதை இழுக்கும், அதைப் பிடிக்கும் பொறிகூட அந்த நிறங்களில்தான் செய்கிறார்கள். ஆனால் ஒகவாங்கோவில் 2001, 2002-இல் விமானத்திலிருந்து மருந்தடித்து ஒழித்துவிட்டார்கள். சாம்பியாவில் காஃபுவே பூங்கா பக்கம் போனால்தான் அந்த ஜாக்கெட் வேண்டாம். உங்கள் வழியில் கொசுதான் கவலை, மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள்.

பஞ்சர் என்றால் முடிந்தவரை மெதுவாக உருட்டி, புதர் தள்ளியிருக்கும் வெட்டவெளியில் தாரின் ஓரத்திலேயே நிறுத்துங்கள். ஒருவர் வேலை பார்க்க, இன்னொருவர் நின்று சுற்றிலும் பார்க்கட்டும். ஒதுங்குவதற்குக்கூடப் புதருக்குள் போகக் கூடாது. ட்யூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட்டும் பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸரும் இருந்தால் கால் மணி நேர வேலை. ட்யூப் போட்ட சக்கரம் என்றால் டயரையே கழற்ற வேண்டும். எது என்று கடைக்காரரிடம் இன்றே கேட்டுவிடுங்கள், ட்யூப் என்றால் வேறு வண்டி மாற்றித் தரச் சொல்லுங்கள்.