கொடம்புளி மரம் பூத்தும் காய்க்காதது ஏன்?

கேள்வி:
குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேலே, எங்கள் ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், விதையிலிருந்து தானாக முளைத்து வளர்ந்த கொடம்புளி (மீன் குழம்பில் புளிப்புக்காகச் சேர்க்கும் குடம்புளி) மரம் ஒன்று நிற்கிறது. சில ஆண்டுகளாகத் தை, மாசி மாதங்களில் கிளை நிறையப் பூத்தும், பூவெல்லாம் உதிர்ந்துவிடுகிறதே தவிர ஒரு காய்கூடப் பிடிப்பதில்லை. உரம் போதவில்லை என்கிறார்கள் சிலர். மலட்டு மரம், வெட்டிவிடுங்கள் என்கிறார்கள் வேறு சிலர். வெட்ட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:
தயவுசெய்து வெட்டாதீர்கள். கொடம்புளியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைக் கன்று காய்ப்புக்கு வரவே 10 முதல் 12 ஆண்டுகள் ஆகும் என்பதாலும், பூக்கும்வரை அது எந்த வகை என்று தெரியாது என்பதாலும், நன்றாக வளர்ந்த எத்தனையோ மரங்கள் மலடு என்ற பெயரில் வெட்டுப்படுகின்றன. அடுத்த முறை பூக்கும்போது ஒரு பூவைப் பறித்து இதழ்களை விலக்கிப் பாருங்கள். நடுவில் மகரந்தத் தாள்கள் மட்டும் உருண்டையாகத் திரண்டிருந்தால் அது ஆண். குட்டிப் பூசணிப் பிஞ்சைப் போல வரிப்பள்ளம் விழுந்த சூற்பை இருந்தால் அது பெண். பெண்ணாக இருந்தால், அருகில் ஆண் மரம் இல்லாததே காரணமாகலாம். ஆணாக இருந்தால் எவ்வளவு எரு இட்டாலும் காய்க்காது.

கேட்டவர்:
நன்றி. ஆண் என்று தெரிந்தால் அந்த மரத்தால் பயனே இல்லையா?

மற்றொரு பதில்:
உண்டு. கிளைகளைக் கழித்துவிட்டு, புதிதாக வரும் துளிர்களில் நன்கு காய்க்கும் பெண் மரத்தின் குச்சியை ஒட்டுக் கட்டலாம். மகரந்தத்துக்காக ஆண் கிளை ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். ஒட்டுக்குச்சியைப் பக்கக் கிளையிலிருந்து எடுத்தால் படர்ந்து வளரும், நேராக மேல்நோக்கி வளரும் தண்டிலிருந்து எடுத்தால் நிமிர்ந்து வளரும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். புதிதாக நடுவதென்றால் பெண் மரத்து ஒட்டுக் கன்றையே வாங்குங்கள். அது 3 அல்லது 4 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

இன்னொரு பதில்:
காய்த்த பிறகு வரும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளாகப் பழுத்து விழும் பழத்தில் விதையைச் சுற்றிய சதையைச் சுவைத்துத் தின்னலாம் என்றாலும், மீன் குழம்புக்கு வேண்டியது தோல்தான். பழம் விழுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் என்பதால், வெயிலை மட்டும் நம்பினால் பூஞ்சை பிடித்துவிடும். தோலைக் கீறி வெயில் கிடைத்தபோது காயவைத்து, பிறகு அடுப்புக்கு மேலே பரணில் பரப்பிப் புகையில் கருக்க உலர்த்த வேண்டும். உலர்ந்த தோல் கிலோவுக்கு 150 கிராம் உப்பும் 50 மில்லி தேங்காய் எண்ணெயும் சேர்த்துப் பிசறி வைத்தால் மென்மை கெடாமல் நெடுநாள் இருக்கும்.