நசுங்கிய புழு வளையை (புழு தோண்டிய பொந்தின் புதைபடிவத்தை) வைத்துப் பழைய சேற்றின் தடிமனைச் சொல்லலாமா?

கோர்பெட்டி:
சாம்பல் நிறக் களிப்பாறைக் கோர் (துளையிட்டு எடுத்த உருளைப் பாறை). பிளானோலைட்டஸ் என்ற புதைபடிவ வளை வகை மாதிரி கிடைமட்ட வளைகள் நிறைய. அறுத்த முகத்தில் எல்லாமே நீள்வட்டம்: அகலம் 12 மில்லிமீட்டர், உயரம் 5. புழு தோண்டியபோது வட்டமாக இருந்திருந்தால் சேறு 2.4 மடங்கு தடிமனாக இருந்திருக்கும் என்று எழுதலாமா? கைடு எழுதச் சொல்கிறார், எனக்கு உறுத்துகிறது.

மண்ணுளி:
தாராளமாக. புதைந்த சேறு பக்கவாட்டில் விரிய இடமில்லை, உயரம்தான் குறையும். புதுச் சேற்றின் கன அளவில் 70 சதவீதம் தண்ணீர், இப்போது பாறையில் நுண்துளை 28 சதவீதம் என்றால், திடப்பொருளின் பங்கு 30லிருந்து 72 ஆகிறது, அதே 2.4 வரும்.

பழைய லென்ஸ்:
கணக்கு சரி, அளந்த இடம் சரியில்லை. கோரை அறுத்த வாள் வளைக்குச் செங்குத்தாகவா போயிருக்கும்? சாய்வாக வெட்டினால் அகலம் கூடித்தான் தெரியும், உயரம் மாறாது. அடுக்கு பிளந்த தளத்தில் அகலத்தை அளங்கள்.

அடுத்தது, உள்ளே என்ன நிரம்பியிருக்கிறது? மணல் என்றால் சேற்றளவு அமுங்காது. சுற்றியுள்ள மென்படலங்கள் அதன்மேல் வளைந்து போகும், உங்கள் எண் குறைவாகவே வரும். சுவரில் நகக்கீறல் இருந்தால் பாதி தண்ணீர் வடிந்து கெட்டிப்பட்ட சேற்றில் தோண்டியது. அதற்கு முந்தைய இறுக்கம் அதில் பதிவாகவே இருக்காது.

சிடரைட் (இரும்புக் கார்பனேட் கனிமம்) பட்டை ஏதாவது உண்டா? முன்கூட்டியே இறுகிய பட்டைக்குள் வளை வட்டமாக இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. நான் முதலில் தேடுவது அதைத்தான்.

கோர்பெட்டி:
பிளந்த தளத்தில் அகலம் 10தான் சார். உள்ளே கருஞ்சேறு, நகக்கீறல் இல்லை. ஒரு சிடரைட் பட்டை இருக்கிறது. அதற்குள் இருக்கும் வளையின் உயரம் 9.

பழைய லென்ஸ்:
அப்போ 10க்கு 5, 2 மடங்கு. ‘தோண்டிய பிறகு நடந்த இறுக்கம்’ என்று சேர்த்து எழுதுங்கள். பட்டையையே அடிப்படையாக வைத்தால் 9க்கு 5, அதாவது 1.8; பட்டை இறுகும் முன்பே கொஞ்சம் அமுங்கியிருக்கலாம். இரண்டையும் காட்டுங்கள், கைடு கோபித்தாலும் பரவாயில்லை.

கோண்ட்ரைட்டஸும் (கிளை கிளையாகப் பிரியும் வளை) இருந்தால் கிளைக் கோணத்தை வைத்து இனம் பிரிக்க வேண்டாம். 45 பாகையில் இறங்கிய கிளை இந்த 2 மடங்கு இறுக்கத்தில் சுமார் 27க்குப் படுத்துவிடும். செங்குத்து வளை வேறு மாதிரி: சிலது குட்டையாகும், மணல் நிரம்பியது நெளிந்து மடியும்.